ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல

அன்புள்ள என் தங்கமே,

நீ அனுப்பின குரல் பதிவைக் கேட்டேன். பாதி நேரம் உன் சிரிப்புதான் ஓடுது. "அறுபதை நெருங்குற வயசுல கோல்ஃப் பழகுறியாமே, அது பணக்காரங்க விளையாட்டாச்சேடி, அதையும் வீட்டுக்குள்ளயா விளையாடுற?"ன்னு நீ கேட்டதும், பின்னால உன் மாமியார் "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு பதறினதும் நல்லாவே கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவங்ககிட்ட சொல்லிடு. போன்ல பதில் சொல்லலாம்னா நீ என்னை ஒரு பேச்சை முழுசா முடிக்க விடமாட்ட, அதான் உட்கார்ந்து எழுதுறேன். காபியைக் கலந்து பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி, சீக்கிரம் முடியற கடிதம் இல்லை இது.

முதல்ல இந்த ஊர்க் குளிரைப் பத்திச் சொல்லணும், எல்லாத்துக்கும் காரணம் அதுதான். ஸ்காட்லாந்துல நாங்க இருக்கிற இந்த ஃபைஃப் பக்கம் டிசம்பர் மாசம் சூரியன் காலையில எட்டரை மணிக்கு மேலதான் எட்டிப் பார்க்கும், சாயங்காலம் நாலு மணி ஆகறதுக்குள்ள போயிடும். வந்த கொஞ்ச நேரமும் கடல் காத்தும் சாய்ஞ்சு அடிக்கிற மழையுமா இருக்கும். துவைச்ச துணியை ஹீட்டர் மேல போட்டுப் போட்டு வீடு முழுக்க ஒரு ஈரவாடை. பிள்ளைங்க வேற ஊர்ல. இவரு ரிட்டையர் ஆனதுல இருந்து என் பின்னாடியே அடுப்படிக்கு வந்து, பாத்திரம் எப்படி அடுக்கணும்னு எனக்குப் பாடம் எடுக்கிறாரு. உங்க வீட்லயும் இதே கதைதானா? மறக்காம எழுது. இந்த லட்சணத்துல, பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க, எழுபத்தஞ்சைத் தாண்டினவங்க, போன கோடையில என்னை கோல்ஃபுக்குக் கூட்டிட்டுப் போய் ஆசை காட்டி விட்டுட்டாங்க. குளிர் வந்ததும் வெளிய போக முடியலை, விட்டுடவும் மனசு வரலை. அந்த அம்மாதான் சொன்னாங்க, இந்த ஆட்டத்துல பாதி தரையிலதான் நடக்குது, தரை உன் வீட்லயும் இருக்குல்லன்னு.

நீ பணக்காரங்க விளையாட்டுன்னு சொன்னியே, நம்ம ஊரைப் பொறுத்தவரைக்கும் நீ சொல்றது சரிதான். பள்ளிக்கூடத்துல இருந்து கொடைக்கானல் கூட்டிட்டுப் போனாங்களே, தூண் பாறைக்குப் போற வழியில பஸ் ஜன்னல் வழியா பச்சைப்பசேல்னு ஒரு மைதானம் தெரிஞ்சுச்சே, அது 1895-ல ஆரம்பிச்ச கிளப். நம்ம பக்கம் இந்த ஆட்டம் வெள்ளைக்காரங்களோட வந்து கிளப்புக்குள்ளயே உட்கார்ந்துடுச்சு. ஆனா இங்க கதை வேற. 1457-லயே இந்த நாட்டு ராஜா, ஜனங்க வில் பயிற்சியை விட்டுட்டு இதையே விளையாடிட்டு இருக்காங்கன்னு கோல்ஃபுக்குத் தடை போட்டாரு. தடை போடுற அளவுக்கு எல்லாரும் ஆடியிருக்காங்கன்னுதானே அர்த்தம்? செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இருக்கிற ஓல்டு கோர்ஸ், உலகத்துலயே பேர் போன மைதானம், அது ஊர்ப் பொது நிலம்டி. ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர்க்காரங்க நாயைப் பிடிச்சுக்கிட்டு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு அது மேலயே நடந்து போறாங்க. நானும் ஒரு தடவை இட்லிப் பொட்டலத்தோட நடந்திருக்கேன். குளிர்காலத்துல அங்க ஆடுறவங்க கையில ஒரு சின்னப் பாயையும் எடுத்துட்டுப் போவாங்க. புல் கெட்டுடக் கூடாதுன்னு பந்தை அந்தப் பாய் மேல வச்சுத்தான் அடிக்கணும். அங்கயே பாய்னா என் வீட்டுத் தரைவிரிப்புக்கு என்ன குறைச்சல்?

சரி, இப்ப கணக்கைக் கேளு, நீதான் கணக்கு டீச்சராச்சே. மொத்தம் பதினெட்டுக் குழி. நல்லா ஆடுறவங்க அதை 72 அடியில முடிக்கணும்னு வச்சிருக்காங்க. அதுல ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு அடி, குழிக்குப் பக்கத்துல இருக்கிற வழுவழுன்னு வெட்டின புல்லுல பந்தை மெல்ல உருட்டறதுக்குன்னே ஒதுக்கி இருக்காங்க. அப்போ 36. சரிபாதி! பந்தை இருநூறு கஜம் பறக்க விட்டாலும் ஒண்ணு, ஒரு முழம் உருட்டினாலும் ஒண்ணு. இருநூறு கஜம் அடிக்க இந்த வயசுல என் இடுப்பும் தோளும் சம்மதிக்காது. ஒரு முழம் உருட்டறதுக்கு இடுப்பு எதுக்கு, தோள் எதுக்கு? கண்ணும் கையும் பொறுமையும் இருந்தா போதும். பொறுமைக்கு நமக்கா பஞ்சம், முப்பது வருஷமா இந்த மனுஷங்களோட குடும்பம் நடத்தி இருக்கோம்.

உருட்டற மட்டைக்குப் பேரு பட்டர். நான் வாங்கினது தர்மத்துக்காகப் பழைய சாமான் விக்கிற கடையில, பிடி கொஞ்சம் தேய்ஞ்சு போனது. ஹால்ல இருந்து அடுப்படி வாசல் வரைக்கும் என் மைதானம். அடுப்படி நிலைகிட்ட ஒரு எவர்சில்வர் டம்ளரை வாய் என்னைப் பார்க்கிற மாதிரி படுக்க வச்சிடுவேன். உண்மையான குழி நாலேகால் அங்குல அகலம், பந்து ஒன்னே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. டம்ளர் வாய் மூணு அங்குலம் கூட இருக்காது. இதுல உருட்டிப் பழகிட்டு மைதானத்துல போய் நின்னா குழி பெருசா தெரியும்னு பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக் கொடுத்தாங்க, நிஜமாவே அப்படித்தான் தெரியுது. பந்து உள்ள போகும்போது ணங்குன்னு ஒரு சத்தம் வரும் பாரு, அதுக்காகவே இன்னொரு தடவை உருட்டத் தோணும். இவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கலையாம், டிவியில செய்தி கேட்க முடியலையாம். நியூஸ் சேனல் சத்தத்தை விடவா?

நேரா உருட்டறதுன்னா சும்மா இல்லைடி. டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதுற மார்க்கரால பந்தைச் சுத்தி ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு டம்ளரைப் பார்க்கிற மாதிரி வச்சு உருட்டிப் பாரு. கோடு ஆடாம ஓடினா நீ சரியா தட்டி இருக்க. தள்ளாடிக்கிட்டு ஓடினா மட்டை கோணலா பட்டிருக்குன்னு அர்த்தம். மஞ்சத்தூள் டப்பாவையும் மிளகு டப்பாவையும் மட்டையோட தலை மட்டும் நுழையற அளவுக்கு இடைவெளி விட்டு வச்சு, டப்பாவைத் தொடாம நடுவுல வீசணும். பெரிய ஆட்டக்காரங்க இதையே தரையில ரெண்டு குச்சி குத்தி வச்சுச் செய்யறாங்க, டைகர் உட்ஸ் செய்யற பயிற்சி இதுதான்னு சொன்னா நம்புவியா? அப்புறம் நாணயப் பயிற்சி. உண்டியலுக்குன்னு நான் எடுத்துட்டு வந்த ஒத்த ரூபாய்க் காசு இருக்கே, அதுல ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கீழ் காசு அசையாம மேல் காசு மட்டும் வழுக்கிட்டு ஓடுற மாதிரி தட்டணும். சொல்றப்ப சுலபமா இருக்கு. முதல்ல எல்லாம் ரெண்டும் சேர்ந்து சோபாவுக்கு அடியில போயிடும், குனிஞ்சு எடுக்கிறதே தனி உடற்பயிற்சி. இப்போ மேல் காசு மட்டும் சட்டுன்னு விலகும்போது, கீழ் காசு அப்படியே கிடக்கிற அழகை யாராவது பார்த்தாங்களான்னு திரும்பிப் பார்க்கிறேன். யாரும் இருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு சொன்னா நீ மறுபடியும் சிரிப்ப. நெத்தியைச் சுவத்துல ஒட்ட வச்சுக்கிட்டு, குனிஞ்சு, மட்டையோட நுனி சுவத்தடிப் பலகையை உரசாம அதையொட்டியே போயிட்டு வர மாதிரி வீசணும். தலை ஆடுதா இல்லையான்னு சுவரே காட்டிக் கொடுத்துடும். உருட்டறப்ப நிறைய பேர் செய்யற தப்பு, பந்து போச்சான்னு பார்க்க அவசரமா தலையைத் தூக்கறதுதானாம். நான் அப்படி நெத்தியை ஒட்டிக்கிட்டு நிக்கிறப்போ இவரு மாடியில இருந்து இறங்கி வந்து பார்த்துட்டு, ஒண்ணுமே பேசாம உள்ள போய்த் தைலத்தை எடுத்துட்டு வந்து நீட்டினாரு, தலைவலின்னு நெனச்சாராம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுஷன் கேட்காமலே தைலம் எடுத்துட்டு வந்தது அன்னிக்குத்தான்.

தட்டற வேகம்தான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். மட்டை ஊஞ்சல் மாதிரி பின்னால எவ்வளவு போகுதோ முன்னால அவ்வளவு வரணும், நடுவுல கையால ஒரு இடி இடிக்கக் கூடாது. பந்து எவ்வளவு தூரம் உருளணுமோ அதுக்கு ஏத்த மாதிரி வீச்சோட நீளம்தான் கூடணும், குறையணும், வேகத்தைக் கையால திணிக்கக் கூடாது. அதுலயும் ஒரு சிக்கல். ஒவ்வொரு மைதானத்துலயும் புல்லு ஒவ்வொரு வேகம். அமெரிக்காவுல ஓக்மாண்ட்ங்கிற இடத்துல 1935-ல பெரிய போட்டி நடந்தப்போ, பந்து நிக்காம வழுக்கிட்டு ஓடுறதைப் பார்த்த எட்வர்டு ஸ்டிம்ப்சன்னு ஒருத்தர், புல்லோட வேகத்தை அளக்கணும்னு ஒரு சின்னச் சாய்ப்பலகை செஞ்சாரு. பலகையை ஒரு பக்கமா தூக்கினா பந்து தானா உருண்டு இறங்கும், எத்தனை அடி ஓடுதோ அதுதான் அந்தப் புல்லோட வேகம். நாப்பது வருஷத்துக்கும் மேல ஆகி, 1978-லதான் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை எல்லா மைதானத்துக்கும் கொடுத்துச்சாம். இதை நான் வாய்தவறி இவர்கிட்ட சொல்லிட்டேன். இன்ஜினியர் இல்லையா, அடுத்த நாளே பழைய திரைச்சீலை மாட்டுற சட்டத்தை அறுத்து ஒரு சாய்ப்பலகை செஞ்சு, நோட்டும் பேனாவுமா தரையில படுத்துக்கிட்டு ஹால் விரிப்பு, படுக்கையறை விரிப்பு, மாடிப்படி விரிப்புன்னு அளக்க ஆரம்பிச்சுட்டாரு. பாத்திரம் அடுக்கற பாடம் நின்னுபோச்சு. அந்த ஸ்டிம்ப்சன் நல்லா இருக்கட்டும்.

எட்டடியில இருந்து உருட்டினா, இதையே பிழைப்பா வச்சிருக்கிற ஆட்டக்காரங்களே ரெண்டுல ஒண்ணைத்தான் குழியில போடுறாங்க, அது உனக்குத் தெரியுமா? இதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு ரொம்ப லேசாயிடுச்சு. தூரத்துல இருந்து போடலைன்னா குத்தம் இல்லை, பக்கத்துல கொண்டு போய் நிறுத்தினா போதும். மூணடியில இருந்து விடக் கூடாது, அவ்வளவுதான். அதனால நான் மூணடியிலதான் அதிகமா பழகுறேன். ரொம்பச் சலிப்பு, உண்மையைச் சொல்லணும்ல. ஆனா சாம்பார் கொதிக்கிற நேரம், குக்கர் விசில் வர்ற நேரம், வாஷிங் மெஷின் கடைசிச் சுத்து சுத்துற நேரம்னு நமக்கு எவ்வளவு துண்டு நேரம் கிடக்கு! அதுல எல்லாம் பட்டரை எடுத்துடுவேன். ஒரே மூச்சா ஒரு மணி நேரம் நின்னு தட்டறதை விட இது நல்லா கையில ஏறுது. முதுகும் பிழைக்குது.

மட்டையைப் பிடிக்கிறதுக்குன்னே தனிப் பயிற்சி. ஹாரி வார்டன்னு பழைய காலத்து ஆட்டக்காரர், பிரிட்டிஷ் ஓபனை ஆறு தடவை ஜெயிச்சவரு, அவரு பேர்ல ஒரு பிடி இருக்கு, வலது சுண்டுவிரலை இடது கையோட ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல மேல படுக்க வைக்கிறது. எனக்குச் சின்னக் கை, அது நிக்க மாட்டேங்குது, அதனால அந்தச் சுண்டுவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கிறேன். ஜாக் நிக்லாஸும் டைகர் உட்ஸும் இப்படித்தான் பிடிக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரே பெருமை. சீரியல் பார்க்கிறப்போ கீரை மத்தைக் கையில வச்சுக்கிட்டு இந்தப் பிடியையே பழகுவேன். விளம்பரம் வரும்போது பிடிச்சு, விட்டு, மறுபடி பார்க்காமப் பிடிச்சுன்னு. வில்லி மாமியார் வந்தா மட்டும் பிடி தன்னால இறுகிடுது.

பறக்க விடற அடியை மட்டும் வீட்டுக்குள்ள வச்சுக்காதே. இந்த ஊர் வீடுங்களுக்கு மச்சு எட்டடி உயரம்தான். பெரிய மட்டை நாலடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். வேகத்தை அளந்து முடிச்ச தெம்புல இவரு ஹால்ல நின்னு ஒரு வீசு வீசினதுல விளக்கோட கண்ணாடிக் கூடு காலி. நான் வாயைத் திறக்கலை, நல்ல பேர் வாங்கிக்கிட்டேன். அதுக்குப் பதிலா அலமாரிக் கண்ணாடி முன்னாடி நின்னு வெறுங்கையால மெதுவா, ரொம்ப மெதுவா, தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி வீசிப் பார்க்கணும். நெஞ்சுக்குக் குறுக்க ஒரு துண்டைப் போட்டு ரெண்டு அக்குள்லயும் இடுக்கிக்கிட்டு, அது விழாம பாதி வீச்சு வீசினா கையும் உடம்பும் சேர்ந்து திரும்புதுன்னு அர்த்தம். நான் இதுக்குக் குத்தாலத் துண்டைத்தான் வச்சிருக்கேன், நீ கொடுத்ததேதான். எட்டி நின்னு கொஞ்சம் எழுப்பிப் போடுற அடிக்கு மட்டும் பின்கட்டுல வழி இருக்கு. தேங்காய் நார் மிதியடி மேல ஸ்பாஞ்சுப் பந்தை வச்சு, அழுக்குத் துணிக்கூடைக்குள்ள போடறது. நார் மிதியடி நல்ல புல்லு மாதிரியே மட்டைக்கு ஈடு கொடுக்குது.

ஆனா வீட்ல பழகினா எல்லாம் வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். விரிப்புல மேடு பள்ளம் கிடையாது, காத்து கிடையாது. வலையைக் கட்டி அதுக்குள்ள ஓங்கி அடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை வர்றதில்லை. பந்து எங்க போய் விழுந்துச்சுன்னு தெரியாம நூறு தடவை அடிச்சா தப்பான பழக்கம்தான் ஆணி அடிச்ச மாதிரி உட்காரும். சின்ன வயசுல கத்துக்கிறவங்களுக்கு அது சரிப்படலாம். டைகர் உட்ஸ் கைக்குழந்தையா நாற்காலியில உட்கார்ந்து, அவங்கப்பா காரேஜ்ல வலைக்குள்ள அடிக்கிறதைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டு, ரெண்டு வயசுலயே டிவியில வந்து உருட்டிக் காட்டினவராச்சே. நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை. கடையில விக்கிற சாமானும் அப்படித்தான். தானா பந்தைத் திருப்பி அனுப்புற மிஷின், லேசர் விடற மட்டைன்னு ஆயிரம் இருக்கு. எல்லாம் பணத்துக்குக் கேடு.

தரையில உருட்டறது சாதாரண விஷயம்னு நெனச்சிடாத. டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல நடந்துச்சே, அதுல நம்ம பெங்களூர்ப் பொண்ணு அதிதி அசோக், ஒரே ஒரு அடியில பதக்கத்தை விட்டு நாலாவதா வந்தா. மத்த பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்க அவளைவிடத் தூரமா அடிக்கிறவங்க. இவ உருட்டறதுலயே அவங்களுக்கு ஈடு கொடுத்தா. அவளுக்குப் பையைத் தூக்கிக்கிட்டுக் கூடவே நடந்தது அவங்கம்மா. அன்னிக்கு ராத்திரி எல்லாம் தூங்காம பார்த்தேன், அந்தம்மா நடந்த நடையைப் பார்த்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. விளையாட்டுக்காகவா, அம்மாவுக்காகவான்னு இன்னும் தெரியலை.

இன்னொரு கதையையும் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸ்ல அந்தக் காலத்துப் பொம்பளைங்க மட்டையைத் தோளுக்கு மேல தூக்கி வீசறது அடக்கம் இல்லைன்னு வச்சிருந்தாங்க. அதனால அவங்களுக்குன்னு ஒரு ஓரமா உருட்டறதுக்கு மட்டும் இடம் கிடைச்சுது. 1867-ல அந்தப் பொம்பளைங்க சேர்ந்து தங்களுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் நடக்குது. மேடும் பள்ளமுமா கிடக்கிற அந்தப் புல்லுத் திட்டுக்கு ஹிமாலயாஸ்னு பேரு, யார் வேணா காசு கொடுத்து ஆடலாம், சின்னப் புள்ளைங்கள்ல இருந்து கிழவிங்க வரைக்கும் சிரிச்சுக்கிட்டு உருட்டறாங்க. அதே ஊர்ல ஆம்பளைங்களுக்கு மட்டும்னு இருந்த பெரிய கிளப், 1754-ல இருந்து இருக்கிறது, பொம்பளைங்களைச் சேர்த்துக்கலாம்னு ஓட்டுப் போட்டது 2014 செப்டம்பர்லதான். ஸ்காட்லாந்து தனி நாடாகணுமான்னு ஜனங்க ஓட்டுப் போட்ட அதே நாள்ல. நாடு விஷயத்துல வேண்டாம்னுட்டாங்க, பொம்பளைங்க விஷயத்துல சரின்னுட்டாங்க. எனக்கு அந்தப் பெரிய கிளப்பு வேண்டாம்டி, இந்த உருட்டற பொம்பளைங்க போதும்.

குளிர்ல ஹிமாலயாஸை மூடிடுவாங்க, அதனால நீ ஜூன் மாசம் வா. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், இன்னும் என்னென்னவோ பேசலாம். விசாவுக்கு இப்பவே எழுதிப் போடு, உன் மகனைக் கேட்டா கம்ப்யூட்டர்ல செஞ்சு கொடுப்பான். அதுவரைக்கும் உங்க வீட்டு மொசைக் தரையில ஒரு ஜமக்காளத்தை விரிச்சு, பேரனோட டென்னிஸ் பந்தையும் ஒரு டம்ளரையும் வச்சு, குடைக் கம்பியாலயாவது உருட்டிப் பார்த்து வை. வரும்போது அடி தட்டையா இருக்கிற செருப்பைப் போட்டுக்கிட்டு வா. குதிகால் வச்ச செருப்போட புல்லுல ஏற விடமாட்டாங்க.

உன் மாமியாருக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் ஆருயிர்த் தோழி